இரண்டு கால் மூங்கில், இரண்டு கால் தேக்கு

கல்யாணமான மூன்றாம் மாதம் அந்தக் கட்டிலின் மூங்கில் கால்கள் வளரத் தொடங்கின. தேக்குக் கால்கள் தரைக்குள் இறங்கத் தொடங்கின. பெண்ணின் அப்பா கட்டடங்களுக்கு மூங்கில் சாரம் கட்டுபவர். மாப்பிள்ளையின் அப்பா தேக்குக் கதவு செய்யும் தச்சர். கட்டில் யாருடைய மரத்தில் என்று இருவரும் மல்லுக்கு நின்று, கடைசியில் பெண் படுக்கும் பக்கம் மூங்கில், பையன் படுக்கும் பக்கம் தேக்கு, நடுவே நைலான் நாடா என்று முடித்தார்கள். அதற்குச் சமாதானம் என்று பெயர் வேறு வைத்தார்கள்.

தச்சர் வரும்போதெல்லாம் கட்டிலைத் தட்டிப் பார்ப்பார். "மூங்கில் மரமே இல்ல, புல்லு. உள்ள வெறும் காத்து." சாரக்காரர் விடுவாரா? "உங்க தேக்கு ஒரு கதவுக்குத் தேறுறதுக்குள்ள எங்க மூங்கில் பத்து மாடி ஏறி இறங்கிடும், சம்பந்தி." ஒவ்வொரு ஏச்சுக்கும் மூங்கிலில் ஒரு கணு கூடியது, தேக்கு ஒரு விரற்கடை புதைந்தது. ஒன்றுக்கு ரோஷம், மற்றதற்குக் கனம். வீம்பில் இரண்டும் ஒன்றுதான். மூங்கில் கால்களை அறுக்கத் தச்சர் ரம்பத்தோடு வந்து நின்றார். "புல்லுக்கு எதுக்கு ரம்பம்? அரிவாள் போதாதா?" என்று சாரக்காரர் வழிமறித்தார். ரம்பம் திரும்பிப் போனது, மூங்கில் இன்னும் ஒரு கணு விட்டது. சரிவில் உருண்டு அவள் தினமும் புருஷன் மேல் விழுந்தாள். அதில் இருவருக்கும் புகார் இல்லை. "அவங்க என்ன வேணா பேசிக்கட்டும். நீங்க மட்டும் அந்த வார்த்தையச் சொல்லிடாதீங்க," என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஒரு வருஷம் அவன் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம், அவள் தேய்த்து வைத்த சட்டையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தடத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. "புல்லுதானே, புத்தி வேற எப்படி இருக்கும்?" கட்டிலின் ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவளோடு மூங்கில் கூரையைப் பிளந்து வெளியே போனது. நாடா அறுபடவில்லை, நீண்டது. அவன் மன்னிப்புக் கேட்டான், அழுதான். மூங்கிலுக்கு இறங்கும் பழக்கம் இல்லை. அவளுடைய அப்பா சாரம் கட்டிக்கொண்டு மேலே போனார்.

"இறங்கி வாம்மா."

"வந்து எங்க படுக்கறதுப்பா?"

அவர் தனியாக இறங்கி வந்தார். அன்றிலிருந்து அவள் மேலே, குடையோடு. அவன் கீழே, முழங்கால் வரை தரைக்குள். மடித்த சட்டைகள் நாடாவில் சறுக்கி வருகின்றன. அவள் சறுக்கி வருவதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது, இருவரும் பிரிந்துவிட்டார்களா என்று கேட்டால் தெருவுக்குக் கோபம் வரும். பிரிவாவது, ஒரே கட்டிலில்தானே படுக்கிறார்கள்.