வற்றிய கண்ணும் வாய் ஓயாத அண்ணியும்

அழகு நிலையம் வைத்திருந்த அவளுக்கு இருபது வருடமாகப் புருவம் திருத்துவதுதான் தொழில். இரண்டு வருடத்துக்கு முன் மூட்டுவலிக்குச் சாப்பிட்ட மாத்திரை ஒன்று ஒத்துக்கொள்ளாமல், உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பித் தோல் உரிந்துவிட்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். தோல் தேறியது, கண் தேறவில்லை. கண்ணீர் வற்றிப்போனது. வெளிச்சம் கூசியது. இமைமுடி உள்பக்கம் வளர்ந்து கருவிழியைக் குத்தியது. கடையைச் சாத்தினாள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, மூன்று வாரத்துக்கொரு தரம் டாக்டரிடம் போய் முடி பிடுங்கிக்கொள்வது என்று நாள் ஓடியது.

துணைக்குப் போவது அவளுடைய நாத்தனார்.

முதல் தடவை டாக்டரம்மா இடுக்கியை எடுத்துக்கொண்டு, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார்.

"இந்தப் பொய்யை நானே ஆயிரம் பேர்கிட்ட சொல்லியிருக்கேன் டாக்டர்! அடியோட பிடிங்க. பாதியில ஒடிஞ்சா இன்னும் குத்தும்."

"நீங்க வேணா என் சீட்டுல உக்காந்துக்குங்களேன்" என்று டாக்டரம்மா சிரித்தார்.

போன மாதம் அவர் பெரிய லென்ஸ் ஒன்றைக் கொடுத்தார். அதில் உப்புநீர் நிரப்பி, குனிந்தபடியே கண்ணில் பொருத்த வேண்டும். கண் நாள் முழுக்க ஈரமாக இருக்கும். வீட்டில் மேஜைமேல் கண்ணாடியைப் படுக்க வைத்து, நாத்தனார் இமையை விரித்துப் பிடித்தாள். மூன்று நாள் உப்புநீர் மூக்கில் வழிந்ததுதான் மிச்சம்.

"லென்ஸ் போட வந்தியா, குளிப்பாட்ட வந்தியா?"

"ஆடாம இருங்க அண்ணி! வாய் ஆடினா கண்ணும் ஆடுது."

நான்காம் நாள் லென்ஸ் உட்கார்ந்துவிட்டது. உறுத்தல் சட்டென்று நின்றது. மெல்ல நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, என்னடி புருவம் இப்படிக் காடா மண்டிக் கிடக்கு?"

"வேற யாரையும் தொட விடலை, அண்ணி."

அழக் கண்ணீர் இல்லாததால், நாத்தனாரை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடை திறந்தது. காலையில் மட்டும்தான் வேலை. மத்தியானம் லென்ஸைக் கழற்றிக் கழுவ வேண்டும். முதலில் வந்த பெண் அவள் கழுத்தைப் பார்த்து, "என்னக்கா இது, திட்டுத் திட்டா?" என்றாள்.

"மாத்திரை வச்ச முத்திரைம்மா. அதோட பேரை எழுதிப் பர்ஸ்ல வச்சிருக்கேன். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைத்தான் நீட்டுவேன். சரி, தலையைச் சாய்ச்சு உக்காரு."