குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு

திருப்பதியில் அந்தக் கால்நடை டாக்டர் முயலின் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். பிரித்திகா கை கழுவப் போன நேரமாகப் பார்த்து ஷோபாவிடம் சொன்னார். "கஷ்டம்மா. கடுபு பனி சேயட்லேது." வயிறு வேலை செய்வதை நிறுத்திவிட்டதாம். மருந்து தரலாம், சிரிஞ்சில் கீரைக் கூழ் ஊட்டிப் பார்க்கலாம், ஆனால் பிழைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், பாப்பாவுக்கு மெதுவாகச் சொல்லி வையுங்கள் என்றார்.

ஷோபா மெதுவாகவும் சொல்லவில்லை, வேகமாகவும் சொல்லவில்லை. ஈரக் கையோடு ஓடி வந்த மகள், "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டதும், "ஒண்ணும் இல்லடா, வாயு. ரெண்டு நாள்ல சரியாப் பூடும்" என்றாள். வாய் கொஞ்சமும் கூசவில்லை. அதுதான் பிற்பாடு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பொய்க்குக் காரணம் மூணாறு. மறுநாள் கிளம்ப வேண்டும். ஸ்ரீசிட்டி கம்பெனியில் புருஷன் சுதீருக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்ட பயணம். "முயலுக்கு ஜுரம்னு டூரை கேன்சல் பண்ணோம்னு சொன்னா ஆபீஸ்ல வழிச்சிக்கினு சிரிப்பானுங்க" என்று அவன் முதல் நாளே சொல்லிவிட்டான். பிரித்திகாவோ, பொரிக்கு உடம்பு தேறாமல் நான் வீட்டைவிட்டு நகரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பொரி என்பது முயலின் பெயர். நிறத்தைப் பார்த்து அவளே வைத்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு அந்த முயல்தான் தம்பி, தங்கை, சிநேகிதி எல்லாம்.

பொய் சொன்னாயிற்று. இனி முயல் எந்த வீட்டில் சாகும் என்பதுதான் பாக்கி. இப்படிப் பச்சையாகச் சொன்னால் ஷோபா காதைப் பொத்திக்கொள்வாள், ஆனால் அன்றைக்கு அவள் மனசு போட்ட கணக்கு இதுதான். திருச்சானூரில் தங்கள் வீட்டில் செத்தால் பயணம் கெட்டது. நாய் பூனை விட்டுப் போகிற இடத்தில் சீக்கு முயலை வாங்கமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் விட்டால், "நீங்க போன அன்னிக்கே அது அரை உயிராத்தான் இருந்துச்சு" என்று குழந்தை முன்னாலேயே போட்டு உடைப்பார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் அவள் வந்து நின்ற இடம் தாட்சாயணி அக்கா.

சித்தூரில் முன்பு இரண்டு குடும்பமும் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தார்கள். அங்கே யார் மோட்டாரை நிறுத்த மறந்து மேல்தொட்டி வழிந்தாலும், "நான்தாம்மா பாத்து நிறுத்தி இருக்கணும்" என்று தாட்சாயணிதான் ஓடி வருவாள். யாராவது முறைத்தால் போதும், செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்பாள். முயல் செத்தாலும் அப்படித்தான் சொல்வாள். குழந்தையும் அழுது தீர்த்துவிட்டு, ஆன்ட்டிக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஷோபாவின் பெயர் எங்கேயும் அடிபடாது.

காட்பாடியில் ரயிலேறப் போகிற வழிதானே சித்தூர். காரை நிறுத்தி, ஒயர் கூடையோடு முயலை இறக்கினார்கள்.

"ஐயோ ஷோபா, ஆடு மேய்ச்சிருக்கேன், கோழி வளத்திருக்கேன். மொசலுக்கு இன்னா பண்றதுன்னு எனக்கு இன்னாடி தெரியும்?" என்று தாட்சாயணி பதறினாள்.

"வாயுதான்க்கா. மருந்து இருக்குது. கீரையை அரைச்சி சிரிஞ்சில கொஞ்சம் கொஞ்சமா ஊட்டினாப் போதும்."

"திரும்பி வரும்போது கொழம்பு ரெடியா இருக்கும், சாப்ட்டுட்டுப் போவலாம்" என்று தாட்சாயணியின் புருஷன் சம்பத் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். பிரித்திகாவின் உதடு பிதுங்கியது. தாட்சாயணி கையிலிருந்த துண்டாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

"காதைப் புடிச்சித் தூக்காதீங்க ஆன்ட்டி. அதுக்கு வலிக்கும்."

"தூக்க மாட்டேன் கண்ணு. எம் புள்ளையாட்டம் பாத்துக்கறேன். நீ தைரியமாப் போய்ட்டு வா."

கார் கிளம்பியதும் பிரித்திகா பின்கண்ணாடி வழியாகக் கையாட்டிக்கொண்டே வந்தாள். ஷோபா திரும்பிப் பார்க்கவில்லை.

மூணாறில் எல்லாம் இருந்தது. பனி, தேயிலை, யானைச் சவாரி. ஷோபாவுக்குத்தான் எதிலும் ஒட்டவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் தாட்சாயணி பெயரா என்று முதலில் பார்த்தாள். செய்தி வந்தால் குழந்தையிடம் எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது, சொன்ன பிறகு எந்தக் கடையில் என்ன வாங்கித் தருவது என்பது வரைக்கும் தயாராக வைத்திருந்தாள். இன்னும் சாகாத முயலுக்கு இவள் துக்கம் விசாரிக்கத் தயாராகிவிட்டாள், பாருங்கள்.

இரண்டாம் நாள் காலை, சுதீரும் பிரித்திகாவும் இட்லிக்குக் காத்திருந்தபோது போன் வந்தது. ஷோபா வெளியே வந்து எடுத்தாள்.

"ஷோபா, நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்டி." தாட்சாயணியின் குரல் கம்மியிருந்தது. "துன்ன மாட்டேங்குது. ஊட்டினாக் கடைவாயிலயே வழியுது. பல்லை நறநறன்னு கடிச்சிக்கினு மூலையில குந்திக்கினு இருக்குது. கூழு சூடா இருந்துச்சோ, கீரையை நல்லாக் கழுவலியோ, ஒண்ணும் புரியலடி."

அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். உங்க தப்பில்லக்கா, டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. அவ்வளவுதான். சொன்னால் அந்த மனுஷி மூச்சு விடுவாள். சொன்னாளா? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஷோபாவின் வாயிலிருந்து வந்தது வேறு.

"குடுக்கும்போது நல்லாத்தானேக்கா இருந்துச்சு?"

"ஆமாண்டி, நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் தாட்சாயணி. போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ஷோபாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பாள், வைப்பாள். அதற்குள் பொழுது போய்விட்டது.

அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழைய பேப்பர் மேல் கறுப்பாக, உருண்டை உருண்டையாக முயல் புழுக்கை. பின்னாலேயே குரல் செய்தி. "போட்டுடுச்சு ஷோபா! வயிறு எறங்கிடுச்சு! கொத்தமல்லித் தண்டு துன்னுது, கர்ரு முர்ருன்னு. பாப்பாகிட்ட சொல்லு!" பிரித்திகா அந்தப் புழுக்கைப் படத்தை ஹோட்டலில் கண்டவரிடமெல்லாம் காட்டினாள். சுதீர்கூடச் சிரித்தான்.

ஷோபா தனியாகப் போய் தாட்சாயணியைக் கூப்பிட்டாள். பாரம் இறங்கிய சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. "எப்படிக்கா?" என்றாள்.

"நான் இன்னா பண்ணேன்? மலைமேல இருக்கறவன் பண்ணான். மடியில வச்சிக்கினு வேண்டிக்கினேன். கொழந்தை ஆசையா வளக்கற ஜீவன், என் கையால போயிடக் கூடாது சாமி, என் முடியைக் குடுத்துடறேன்னு."

"மூணு கத்திரிதானேக்கா?" என்று ஷோபா கேட்டாள். பெண்கள் நிறையப் பேர் முழு மொட்டைக்குப் பதில் மூன்று கத்திரி முடி கொடுப்பதோடு சரி.

"இல்லடி. மொட்டை."

தாட்சாயணியின் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கும். கழுத்தில் பொட்டுத் தங்கம் இல்லாவிட்டாலும் அந்தப் பின்னலில் ஒரு முழம் பூ வைத்துக்கொண்டால் அவளுக்குப் போதும். வருகிற மாதம் மகன் லோகேஸ்வரனுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முன்னால், போட்டோவில், எல்லாவற்றிலும் மொட்டைத் தலையோடு நிற்கப் போகிறாள்.

"லோகேசு நிச்சயம் இருக்குதேக்கா."

"அதுக்குத்தான் இவரு ஆடுறாரு. ஒரு மொசலுக்கா மொட்டைன்னு. நான் பண்ண தப்புக்கு நான்தானே குடுக்கணும்? நீங்க திரும்பி வர்ற அன்னிக்கு நானே மொசலை எடுத்துக்கினு திருப்பதிக்கு வந்துடறேன். உங்க வூட்ல விட்டுட்டு அப்படியே மலை ஏறிடறேன்."

திரும்புகிற ரயிலில் ஷோபா சுதீரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "முயல் பொழச்சிடுச்சு. அவங்க வேண்டுதல் அவங்க பாடு. இப்பச் சொன்னா வேண்டுதல் இல்லைன்னு ஆயிடுமா? எதுக்குக் கிளறுற?" என்றான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொன்னாலும் அந்த முடி தப்பாது. அக்காவின் சிநேகமும் போகும், மகள் முன்னால் மானமும் போகும். வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று ஷோபா திருச்சானூர் வந்து சேரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

தாட்சாயணி சொன்னபடி வந்தாள். சித்தூர் பஸ்ஸில் முயலை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கூடையைத் திறந்ததும் பொரி குதித்து ஓடி நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. பிரித்திகா தரையில் படுத்து அதைக் கொஞ்ச ஆரம்பித்தாள். தாட்சாயணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினாள்.

"கண்ணு, ஆன்ட்டியை மன்னிச்சிடு. உன் மொசலை நான் கொல்லப் பாத்துட்டேன்."

"பரவாயில்ல ஆன்ட்டி" என்றாள் பிரித்திகா, பெரிய மனுஷி மாதிரி. "உங்களுக்குத் தெரியாதுல்ல. அடுத்த தடவை கரெக்டாப் பாத்துக்கோங்க."

தாட்சாயணி சரி சரி என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் ஷோபாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"உங்க தப்பு இல்லக்கா." குரல் அவளுடையது போலவே இல்லை. "பொழைக்காதுன்னு டாக்டர் என்கிட்ட சொன்னாரு. நாங்க கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. நான்தான் மறைச்சிட்டேன்."

சுதீர் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தான். தாட்சாயணி மெல்ல எழுந்து நின்றாள்.

"செத்துடும்னு தெரிஞ்சேவா என் கையில குடுத்தே?"

"ஆமாக்கா."

"ஏன்டி எனக்கு?"

இனி மறைத்து என்ன? "நீங்க யாரையும் குத்தம் சொல்ல மாட்டீங்க. பழியை நீங்களே ஏத்துக்குவீங்கன்னுதான்."

தாட்சாயணி அழுவாள் என்று ஷோபா நினைத்தாள். திட்டுவாள் என்றும் நினைத்தாள். இரண்டும் இல்லை. "கொலைகாரி கணக்கா அதை மடியில வச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்டி. நல்லாத்தானே இருந்துச்சுன்னு நீ கேட்டியே, அதுக்கப்புறம் எனக்குப் பச்சைத் தண்ணி எறங்கல" என்றாள். சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வைத்த காபி அப்படியே இருந்தது.

"அக்கா, மொட்டை மட்டும் வோணாம்க்கா. மூணு கத்திரி குடுத்துடுங்க. சாமிக்குத் தெரியும்க்கா, உங்க மேல தப்பு இல்லன்னு."

"நீ எங்கிட்ட பொய் சொன்னே. அதுக்காக நான் சாமிகிட்ட பொய் சொல்லணுமா?"

"நானும் கூட வரேன்க்கா."

"வோணாம்."

இவ்வளவு காலத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை ஷோபா கேட்டதே இல்லை. தாட்சாயணி பிரித்திகாவின் கன்னத்தைத் தொட்டு, "தண்டு குடு கண்ணு, எலையை விட அதுதான் அதுக்குப் புடிக்குது" என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் நின்ற ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள். ஷோபா கேட் வரைக்கும் ஓடி, அங்கேயே நின்றாள்.

உள்ளே திரும்பியபோது பிரித்திகா நடு ஹாலில் முயலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"அம்மா."

"என்னடா?"

"எனக்கு ஒடம்பு முடியாம போயி, டாக்டர் பொழைக்காதுன்னு சொன்னா, என்னை யார்கிட்ட விட்டுட்டுப் போவே?"

ஷோபா மண்டிபோட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். உன்னை விட்டுட்டு எங்கேயும் போக மாட்டேன்டா, சத்தியமா போக மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிரித்திகா இரண்டு பேருக்கும் நடுவே முயல் நசுங்கிவிடாமல் கையை வைத்துத் தடுத்துக்கொண்டிருந்தாள்.