நடுமுள்

"மீன் டின்னைத் திறக்கும்போது மட்டும் ஏன்டி கதவைச் சாத்துறே?"

அண்ணி ஒருநாள் கேட்டாள். சின்னவள் வெங்காயம் நறுக்கத் திரும்பிக்கொண்டாள். படிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டவள், பேச்சு அபூர்வம். அன்றிலிருந்து அண்ணிக்கு மூக்கு வேர்த்தபடியே இருந்தது.

கதவுக்குப் பின்னால் நடந்தது இவ்வளவுதான். மீனைப் பிளந்து, நடுமுள்ளை உருவி, சதையை மாவாகப் பிசைவாள். சோறு, வதக்கிய வெங்காயம், பாலில் அடித்த முட்டையோடு கலந்து தட்டில் பரப்பி, மேலே சீஸைத் துருவி ஓவன் அடுப்பில் வைப்பாள். சிறு வயதில் தொண்டையில் முள் சிக்கிப் பிழைத்தவன் அண்ணன். லாரி ஓட்டுகிற ஆள் முள்ளுக்கு நடுங்குவது பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாதாம். தங்கையிடம் சத்தியமே வாங்கியிருந்தான்.

இன்று குப்பைக்கூடையில் காகிதப் பொட்டலம் ஒன்று அண்ணியிடம் அகப்பட்டது.

"முள்ளு இங்க இருக்கு. சதை எங்கடி போச்சு?"

"பிசைஞ்சு... உள்ளதான் போட்டேன் அண்ணி."

"ஆமா, நான் காதுல பூ வச்சிருக்கேன்! இத்தனை நாள்ல ஒரு துண்டு கண்ணுல பட்டதில்ல. ஊமைக்கோட்டான், கதவைச் சாத்திட்டு தனியா விருந்தா? தள்ளு. இன்னைக்கு நான் செய்யறேன். அதே ஒரு டின்தான். எவ்வளவு மீன் வருதுன்னு உங்கண்ணனே பாக்கட்டும். அப்புறம் மூட்டையைக் கட்டு, சித்தி வீட்டுக்கு."

சித்தி வீடு என்றதும் சின்னவள் அடுப்படியை விட்டு விலகி நின்றாள். அங்கே மூன்று மாதம் இருந்து பட்டதே போதும்.

அண்ணன் வந்து உட்கார்ந்தான். அண்ணி சூட்டோடு சூடாகத் தட்டை வைத்தாள். சோற்றுக்கு மேலே கொழுத்த துண்டுகள்.

"பாத்தீங்களா? இவ்வளவும் யார் வயித்துக்குள்ள போச்சுன்னு உங்க அருமைத் தங்கச்சியைக் கேளுங்க."

பெரிய துண்டு ஒன்றிலிருந்து நடுமுள் சீப்புப் பல்லாய் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணனின் நெற்றியில் வியர்வை பூத்தது. சின்னவள் அவன் முகத்தையே பார்த்தாள். 'நான்தான் பிசையச் சொன்னேன்.' அவன் அந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஏன் முழிக்கிறீங்க? சாப்பிடுங்க."

அவன் ஒரு விரலால் தட்டை நகர்த்தினான். அண்ணியின் பார்வை தங்கையை விட்டு மெல்லப் புருஷன் பக்கம் திரும்பியது.

"என்னங்க, ரெண்டு பேரும் சேர்ந்து எதையாவது மறைக்கிறீங்களா?"

அண்ணன் எழுந்தான். தங்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய லாரிச் சாவியை எடுத்தான், செருப்பை மாட்டினான், படியிறங்கிப் போய்விட்டான்.