மூன்றாவது தூண்

கபினிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றதும் ரத்தினவேல் வழக்கம்போல இறங்கினார், பின்னாலேயே அவர் மனைவி பஞ்சவர்ணமும். மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்து மகள் வீட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் இதே கூத்துதான். பாலத்துக்கு முன்னால் இறங்கி, பரிசலில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் வேறு பஸ் பிடிக்க வேண்டும். கண்டக்டர் பசவராஜுக்கும் இது பழகிப்போயிருந்தது. இன்று அவர் படியில் நின்றபடியே, "பரிசல் இல்ல மாராயா, தண்ணி ஜாஸ்தி இதெ. சும்மா பஸ்ல உக்காரு" என்றார், கன்னடம் கலந்த தமிழில். ரத்தினவேல் மறுத்துத் தலையசைக்க, பஸ் போய்விட்டது.

தொண்ணூற்று நான்காம் வருஷத்து ஆடி மழை. ஆறு செம்மண் நிறத்தில் கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. பரிசல்கள் மேட்டில் கவிழ்ந்து கிடந்தன. அக்கரை ஆஸ்பத்திரியில் மகள் ஸ்ரீதேவிக்கு நேற்றிலிருந்து வலி. வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டுமாம். அப்பா வந்தால்தான் உள்ளே போவேன் என்று அடம்பிடிக்கிறாள் என மருமகன் பக்கத்துக் கடைக்கு போன் செய்திருந்தான்.

பாலம் கட்டி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கைப்பிடிச் சுவரில் பதித்த கல்லில் இன்ஜினியர் பெயர் இருக்கிறது. சுண்ணாம்பு சுமந்தவன் பெயரை யார் வெட்டப் போகிறார்கள்? கொள்ளேகாலிலிருந்து வந்து கல் அடுக்கியவர்களில் ரத்தினவேலின் பாட்டனுக்குப் பாட்டன் சென்னிமலையும் ஒருவர். மூன்றாவது தூணுக்குக் கல் இறக்கும்போது அவருடைய சின்ன மகள் அஸ்திவாரக் குழிக்குள் விழுந்துவிட்டாள். எடுக்க முடியவில்லை. வேலையும் நிற்கவில்லை. இனி நம் வீட்டார் யாரும் அவள் மேல் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் சென்னிமலை. வீட்டுக்கு வரும் மருமகளுக்கும் அதுவே சட்டம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மட்டும் விலக்கு. ஊரோ, பாலம் நிற்க ஒரு பெண்ணைப் பலி கொடுத்தார்கள் என்று வாய்கூசாமல் பேசும். கேட்டால் ரத்தினவேலுக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுக்கவில்லை, விழுந்தாள். சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"தண்ணி வடியட்டும்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது.

பஞ்சவர்ணம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "உங்கூட்டுக்கு வந்த நாள்லருந்து நானும் பரிசல்லதான் போறனுங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பனா? அந்தப் புள்ளையத் தூக்க அன்னைக்கு ஆளில்லை. இந்தப் புள்ள இப்பக் கூப்புட்டுட்டு இருக்கறா."

பதிலுக்குக் காத்திராமல் பாலத்தில் ஏறி விடுவிடுவென நடந்தாள். ரத்தினவேல் பின்தொடர்ந்தார். தூண்களை அவர் எண்ண வேண்டியிருக்கவில்லை. பரிசலிலிருந்து நிமிர்ந்து பார்த்த இடம் மேலிருந்தும் தெரிந்தது. அங்கே கால் நின்றுவிட்டது. பயமாக இருந்தது, அதைவிடத் துக்கமாக இருந்தது. குனிந்து ஈரத் தாரில் உள்ளங்கையை வைத்தார்.

"கண்ணு, சித்த நவுந்து படுத்துக்க சாமி."

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ரத்தினவேல் உடனே எழவில்லை. தூக்கத்தில் ஒரு குழந்தை புரண்டு படுக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்து, பிறகு காலை எடுத்து வைத்தார்.