ஜெயபிரியா வைத்த மிச்சம்

2023 ஆனி மாதம் தொடங்கி 2025 ஆடி மாதம் வரை ஒரு பருக்கைகூடச் சாப்பிடாத முத்துலட்சுமி, அந்த இரண்டு வருடத்தில் முப்பது கிலோ கூடினாள். தென்காசியில் ஊர்க்கோடி ரேஷன் கடையில் அவள் விற்பனையாளர். அரிசி மூட்டை நிறுக்கிற மேடைத் தராசிலேயே ஏறி நின்று பார்த்துக்கொண்டாள் என்பதால் எடையில் சந்தேகம் கிடையாது. வருடா வருடம் முத்திரை வைத்த தராசு அது. அறுபத்தாறில் இருந்தவள் தொண்ணூற்றாறுக்கு வந்தாள். வயது நாற்பத்தாறு. காலையில் காப்பி குடிப்பாள், தண்ணீர் குடிப்பாள், கோயிலுக்குப் போனால் தீர்த்தம் வாங்கிக்கொள்வாள். வேறு எதுவும் வாய்க்குள் போகவில்லை. வரிசையில் நிற்கிற பெண்கள் இதை நம்பவில்லை. ரேஷன் கடைக்காரி சாப்பிடாமல் இருக்கிறாள் என்றால் எந்த ஊரில்தான் நம்புவார்கள்? சீனி மூட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்றார்கள். முத்துலட்சுமி அடுத்த கார்டைக் கேட்டு வாங்கினாள்.

கல்யாணமாகி வந்தபோது அவள் நாற்பத்தெட்டு கிலோ. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். புவனேஷ், ஜெயபிரியா. அவர்கள் தட்டில் வைத்த மிச்சத்தை மற்ற தாய்மார்களைப் போல அவளும் நின்றுகொண்டே வழித்து வாயில் போட்டாள். தோசையின் ஓரம், முட்டையின் மஞ்சள் கரு, தயிர் ஊற்றிப் பிசைந்து பாதியில் விட்ட சோறு. நெல் விளைவித்த குடும்பத்தில் சோற்றைக் குப்பையில் கொட்டுவது அவள் கைக்கு வராத வேலை. இருபது வருடத்தில் இப்படிப் பத்துக் கிலோ கூடினாள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் கூடியது. பிறகு புவனேஷ் ராணுவத்தில் சேர்ந்தான். அங்கே தட்டில் மிச்சம் வைக்க விடமாட்டார்கள் என்பதால் அவனால் அவளுக்கு அதற்கப்புறம் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஜெயபிரியா 2021இல் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்ப் பெண்கள் விடுதியில் தங்கினாள்.

அவள் போன மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, கைரேகை மெஷினில் ஒரு பெரியவரின் விரலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்த முத்துலட்சுமியின் வாயில் உப்புமா வந்தது. ரவையைச் சரியாக வறுக்காத உப்புமா; இஞ்சி போடாதது. அவள் செய்ததில்லை, தின்றதும் இல்லை. ஆனால் தொண்டையில் இறங்கி வயிற்றில் போய் உட்கார்ந்தது. சாயங்காலம் போனில் கேட்டாள். "காலைல என்னட்டி சாப்ட்ட?" "உப்புமாம்மா. சகிக்கல, பாதிய அப்படியே வச்சிட்டேன்." முத்துலட்சுமி சரி என்றாள். பிள்ளை வைத்த மிச்சம் தாய்க்கு வராமல் வேறு யாருக்குப் போகும் என்று நினைத்ததோடு சரி. அறுநூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி வந்ததைப் பற்றி அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு வருடத்தில் இப்படி எட்டுக் கிலோ வந்தது. மகள் சின்ன வயதிலிருந்தே ஓரம் கிள்ளி வைக்கிற பிள்ளைதான்.

2023 வைகாசியில் ஜெயபிரியாவைப் பெண் பார்க்க ஆய்க்குடியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை போலீசில் சப் இன்ஸ்பெக்டர். அவன் அப்பா முன்னாள் ராணுவம். முத்துலட்சுமியின் கணவன் மாரிராஜும் போலீஸ்தான், குற்றாலம் அருவிக்கரையில் விசில் ஊதிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற சிறப்பு எஸ்.ஐ. இடம் பொருந்தி வந்தது. கேசரியும் பஜ்ஜியும் வந்தன. மாப்பிள்ளையின் அம்மா முத்துலட்சுமியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மதினி, கல்யாணத்தப்ப நீங்க எப்படி இருந்திய? இந்தப் பிள்ள மாதிரியா?" என்று கேட்டாள். முத்துலட்சுமிக்கு வாயெல்லாம் பல். "அச்சு அசல் இவதான் மதினி, நீங்களே பாருங்க" என்று பீரோவைத் திறந்து கல்யாண ஆல்பத்தையே கொண்டுவந்து விரித்துவிட்டாள். அவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பெண்ணைப் பார்த்தார்கள். பிறகு முத்துலட்சுமியை நிதானமாகப் பார்த்தார்கள். அந்த அறையில் கேட்ட கேள்வியின் அர்த்தம் புரியாதவள் அவள் ஒருத்திதான். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் இரண்டு நாள் கழித்து, பிள்ளை வருங்காலத்தில் கனத்துவிடுவாள் போலத் தெரிகிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். தரகர் போனில் அதைச் சொன்னபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது. ஜெயபிரியா பக்கத்தில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்து, சென்னைக்கு ரயிலேறினாள்.

அடுத்த மாதத்திலிருந்து ஓரம் வருவது நின்று முழுத் தட்டு வர ஆரம்பித்தது. இரண்டு இட்லியில் ஒன்றே முக்கால், சாம்பார் சாதத்தில் முக்கால்வாசி. முத்துலட்சுமிக்குப் பசி விட்டுப்போனது. வயிறு நிறைந்தே இருப்பவளுக்குப் பசி எங்கிருந்து வரும்? உலையில் அரிசி போடுவாள், புருஷனுக்குப் பரிமாறுவாள், தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். பசியோடு சேர்ந்து வேறு சிலதும் போயின. தை மாதம் இலத்தூரில் அவள் அப்பா இறந்தபோது கூடப்பிறந்தவர்களெல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள். இவளுக்குக் கண்ணீர் வரவில்லை. செய்தி கேட்டு மகள் சென்னையில் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிய பொங்கல் அவள் நெஞ்சில் கனமாகக் கிடந்தது. சந்தோஷமும் அப்படித்தான் வராமல் போனது. புவனேஷுக்கு ராணுவத்தில் நாயக்காகப் பதவி உயர்வு கிடைத்த அன்று, நல்லது என்று சொல்லிவிட்டுத் துணி மடித்தாள்.

மாரிராஜ் அவளை டாக்டர் பெர்சிஸிடம் கூட்டிப்போனான். பெர்சிஸ் ரத்தம் எடுத்துப் பார்த்தார், தைராய்டு பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. நாற்பதுக்கு மேல் சதை கரையும், அந்த இடத்தில் கொழுப்பு ஏறும், தூக்கம் குறையும், மாதவிலக்கு நிற்கப்போகிற வயது, உடம்பு முன்பு போல எரிக்காது, நடங்கள் என்றார். நான் சாப்பிடுவதே இல்லை டாக்டர் என்றாள் முத்துலட்சுமி. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்றார் பெர்சிஸ். மக வைக்கிற மிச்சம் டாக்டர் என்றதும் அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அவரும் கனத்த பெண்தான்; மகன் மருத்துவம் படிக்க ரஷ்யா போயிருந்தான். "உங்க மக ஓரத்தைத்தான் வைக்காளா, நடுவுலயும் வைக்காளா?" என்று மெதுவாகக் கேட்டார். முழுசா வைக்கா என்றாள் முத்துலட்சுமி. பெர்சிஸ் நடைப்பயிற்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த இடம் வருவதற்குள் நீ இளைக்க வேண்டும், உன்னைப் பார்த்துத்தான் பிள்ளையை முடிவு பண்ணுகிறார்கள் என்று மாரிராஜ் கண்டிப்பாகச் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. மகள் கரையேற வேண்டும் என்கிற பதைப்பு. முத்துலட்சுமி நடந்தாள். காலையில் ஐந்து கிலோமீட்டர், ஒரு வருடம் நடந்தாள். ஞாயிறுதோறும் வீடியோ காலில் ஜெயபிரியா அம்மாவைப் பார்த்தாள். ஒவ்வொரு வாரமும் கன்னம் பெருத்திருந்தது, தாலிச்சரடு கழுத்தில் இறுகியிருந்தது. தன் வருங்காலத்தைப் பார்த்துவிட்டு அவள் அன்று மதியம் இன்னும் இரண்டு கவளம் குறைத்தாள். அந்த இரண்டு கவளமும் தென்காசிக்கு வந்தன. "சாப்ட்டியாட்டி?" "சாப்ட்டேம்மா." இரண்டு வருடம் தினமும் இதே கேள்வி, இதே பதில். அவள் பொய் சொல்லும்போதே அந்தச் சோறு முத்துலட்சுமியின் தொண்டையில் இறங்கிக்கொண்டிருக்கும். பொய் சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளை காய்ந்துகொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். கிராம் கணக்கில் தெரியும். தெரிந்தும் பயம் வர மறுத்தது. மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வதைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2025 ஆடியில் இன்னொரு இடம் வந்தது. ராயகிரிக்காரர்கள், அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று ஜெயபிரியாவை ஒரு வாரம் முன்பே லீவு போட வைத்து வரவழைத்தார்கள். சீசன் சுமாராக இருந்தது, சாரல் விட்டு விட்டு அடித்தது. வந்த மறுநாள் அம்மாவும் மகளும் குற்றாலம் மெயினருவிக்குக் குளிக்கப் போனார்கள். பெண்கள் பக்கம் தண்ணீர் குறைவு. மேலே பாறை தெரிந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள்கூட நின்று ஆடிக்கொண்டிருந்தன. அந்தத் தண்ணீர் ஜெயபிரியாவைத் தள்ளிக் கீழே போட்டது. முத்துலட்சுமி அவளைத் தூக்கி நிறுத்தினாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணை ஒரு கையால் தூக்கினாள், முழங்கை மடங்கக்கூட இல்லை. முப்பது கிலோ மூட்டை இதைவிடக் கனம் என்று கைக்குத் தெரிந்தது. ரேஷன் கடையில் பதினேழு வருடம் தூக்கிய கை, அது பொய் சொல்லாது. "வழுக்கிட்டும்மா" என்றாள் ஜெயபிரியா. முத்துலட்சுமி துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஞாயிறு, கடைக்கு விடுமுறை. அவள் சாவியை எடுத்துக்கொண்டு, ஒரு டப்பாவில் சோறும் புளிக்குழம்பும் முட்டைப் பொரியலும், இன்னொன்றில் தயிர்சாதமும் போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ஷட்டரைப் பாதி ஏற்றினாள். தராசின் சுவிட்சைப் போட்டுவிட்டு அதன் மேல் ஏறி நின்றாள். சிவப்பு எழுத்தில் 96.150 என்று வந்தது. மகளைச் சீனி மூட்டை மேல் உட்காரச் சொல்லி, முதல் டப்பாவைக் கையில் கொடுத்துச் சாப்பிடச் சொன்னாள். இங்கன வந்தா சாப்பிடணும், ஒனக்குக் கிறுக்கா என்று ஜெயபிரியா சிரித்தாள். நாலு வாய் தின்றாள். போதும் என்று மூடி வைத்தாள். மூடி 'டக்' என்று அடைபட்டதும் சிவப்பு எழுத்து நகர்ந்து 96.490இல் நின்றது.

"மெஷின் கோளாறும்மா."

முத்துலட்சுமி இறங்கினாள். ஐந்து கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தாள். 5.000. கல்லை எடுத்துவிட்டு மறுபடி ஏறினாள். 96.490. பிறகு நின்றபடியே, அரிசி, சீனி, பருப்பு என்று கடையில் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "திங்கக்கெழம ரெண்டு இட்லில ஒண்ணே முக்கா. செவ்வாக்கெழம சப்பாத்தி, தொடவே இல்ல. புதன்கெழம தயிர்சாதம், மூணு கரண்டி எடுத்துட்டு மூடிட்ட, ஊறுகாய மட்டும் நக்கிருக்க. வியாழக்கெழம ரயில்ல வாங்குன பிரியாணி. முட்டைய மட்டும் தின்ன."

ஜெயபிரியாவின் முகம் வெளுத்தது. "ரூம்ல இருக்க சத்யா சொன்னாளா?"

"ஒருத்தரும் சொல்லல. எனக்குத்தானட்டி வந்து சேருது. ரெண்டு வருசமா நான் ஒரு வாய் தின்னது கெடையாது. இது அம்புட்டும் நீ வச்சது." அவள் தன் வயிற்றையும் இடுப்பையும் தடவிக் காட்டினாள்.

ஜெயபிரியா அந்த உடம்பைப் பார்த்தாள். தான் வைத்த மிச்சம்தான் அது என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "ஒன்ன மாதிரி ஆயிருவேனோன்னு பயந்துதாம்மா தின்னல" என்று சொல்லிவிட்டு, சொன்னது தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள் முத்துலட்சுமி. வலித்திருக்க வேண்டிய இடம் அது; வலிக்கவில்லை.

"இனி நான் ஒழுங்கா தின்னா நீ கொறைஞ்சிருவியாம்மா?"

"கொறையாது. உள்ள போனது போனதுதான். கூடாம நிக்கும், அம்புட்டுதான். நீ தின்னு."

ஜெயபிரியா இரண்டாவது டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டுவிட்டுத் தராசைப் பார்த்தாள். அடுத்த வாய்க்கும் பார்த்தாள். எழுத்து அசையவில்லை. பாதியில் நிறுத்தியபோது கடைசி எழுத்து துடித்தது; சட்டென்று மறுபடி கையை விட்டு அள்ளினாள். மூக்கு ஒழுக, கண்ணைத் துடைக்காமல், டப்பாவின் மூலையில் ஒட்டிய கடைசிப் பருக்கைவரை விரலால் வழித்துத் தின்றாள். அரைமணி நேரம் ஆனது. 96.490 அப்படியே நின்றது.

அப்போது முத்துலட்சுமிக்கு அடிவயிற்றில் எதுவோ பிசைந்தது. முதலில் வாயு என்று நினைத்தாள். பிறகு அது ஏறி வந்து காதை அடைத்தது. தராசிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, எனக்குப் பசிக்கு" என்றாள். சொன்னதும் அப்பா ஞாபகம் வந்தது, இலத்தூர் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்த இடம் ஞாபகம் வந்தது, அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதபடியே பழக்கத்தில் கை நீண்டு, மகள் முதலில் மிச்சம் வைத்த சோற்று டப்பாவை எடுத்தது. ஜெயபிரியா பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். "இது வேண்டாம். நான் வச்சத நீ திங்க வேண்டாம். இரு, ஒனக்கு வாங்கிட்டு வாரேன்." டப்பாவோடு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே ஓடினாள். முத்துலட்சுமி சீனி மூட்டை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பசி இவ்வளவு வலிக்கும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. மகள் இரண்டு பரோட்டாவும் ஆம்லெட்டும் சால்னாவும் வாங்கி வந்தாள். அம்மா தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ராயகிரிக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. ஜெயபிரியா சென்னையில் இப்போது நாற்பத்தொன்பது கிலோ. முத்துலட்சுமி அதே தொண்ணூற்றாறு கிலோ நானூற்றுத் தொண்ணூறு கிராம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தராசைப் பரிசோதிக்க வருகிற அதிகாரி வருடத்துக்கு ஒருமுறை படிக்கல்லுக்குப் பதிலாக அவளையே ஏறி நிற்கச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு முத்திரை வைக்கிறார். மதியம் ஒன்றரை மணியானால் கடை வாசலில் 'சாப்பாட்டு நேரம்' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். வரிசையில் நிற்பவர்கள் நிற்கத்தான் வேண்டும்.