மா பூசிய ஆறு முகங்கள்

சவப்பெட்டியை வண்டியில் ஏற்றத் தூக்கியபோதுதான் சுரேஷ்குமார் லக்சிகாவைத் தனியே கூப்பிட்டான். அவளுடைய அண்ணன் தயாபரன் இருந்த தொழிலாளர் கேம்ப்புக்கு அவன்தான் பொறுப்பு. அதே கம்பெனியின் அமீரகத்துப் புஜைரா அலுவலகத்தில் அவள் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள்.

போனை நீட்டினான். "இதுல உங்க அண்ணன் தெரியுறாரு. மத்த அஞ்சு பேரு யாரும்மா?"

படத்தில் ஆறு பேரும் முகத்தில் கோதுமை மா பூசியிருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை கேம்ப் மெஸ்ஸில் போட்ட நாடகம். மேசைமேல் மேசை வைத்ததுதான் எண்ணெய்த் தொட்டி. அண்ணன் கழுத்தில் 'மனேஜர்' என்ற அட்டையோடு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் வெயிலில் ஒவ்வொருவராகச் சுருண்டு விழ, அவன் ஒவ்வொரு தரமும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பானாம். மெஸ்ஸே சிரித்ததாம்.

கோடையில் உச்சி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற மத்தியான ஓய்வுச் சட்டம் தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனாலும் மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நாற்பது பேர் தொட்டிகளிலிருந்து இறங்கி நிழலில் குந்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை அண்ணனைத் தனியாகத் தொட்டிக்கு மேலே அனுப்பினார்கள். ஒரு மணிக்கு அவனைக் கயிறு கட்டித்தான் இறக்க முடிந்தது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மாவுக்குள்ளும் ஐந்து பேரையும் அவளுக்குத் தெரிந்தது. வெள்ளிதோறும் அவள் சமைத்துக் கொண்டுபோன சோற்றைத் தின்றவர்கள். இப்போது இருபதடி தள்ளி, பெட்டியைத் தாங்கி நின்றார்கள்.

"தெரியாது சேர்."

"யோசிச்சுச் சொல்லு. உன் விசா அடுத்த மாசம் ரெனியூவல் இல்ல?"

பெட்டியோடு அவள் ஊருக்குப் போனால் திரும்பி வர விடுவார்களா? விரல் தானாகவே படத்தருகே போய், அண்ணனின் முகத்தில் நின்றது.

"இவரை மட்டும்தான் தெரியும். என்ர அண்ணா."

சுரேஷ்குமார் படத்தைப் பெரிதாக்கினான். வண்டிப் பக்கம் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

ஐவரில் மூத்தவர், ராமநாதபுரத்து முகம்மது சித்தீக், விறுவிறுவென வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். "பெட்டி ஏத்தியாச்சு தங்கச்சி. நீ போய் ஏறு." பிறகு அவனிடம் திரும்பினார். "என்ன படம் சார்? நானும் பாக்கலாமா?"

அவள் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் சுரேஷ்குமாரின் குரல் கேட்டது. "அஞ்சு பேரும் இங்கயே நில்லுங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்சீட்டில் ஏறி, பெல்ட்டின் கொக்கியை மாட்டப் பார்த்தாள். நாலைந்து தரம் தவறியது. பாகிஸ்தானி டிரைவர் கைநீட்டி அதை மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பினார்.