பதினாலாம் கட்டிலின் காய்ச்சல்

நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு ரூபாய். தொண்ணூற்றேழில் என் மனைவி பொன்னம்மையின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவர, அந்தப் பாக்கியைக் கட்டிவிடுவதாகக் கைநாட்டு வைத்துக் கொடுத்தேன். கட்டவில்லை.

பதினோரு வருசம் கழித்து அதே எண்ணை அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் காலேஜில் பார்த்தேன். சாலை பஜார் கடைகளில் மூட்டை தூக்கி முதுகு போன பிறகு, அங்கே தரை துடைக்கும் வேலை எனக்கு. நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எழுதிப் பழகும் அறை அது. திரையில் 4312. அதற்கு மேலே இருந்த பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். நாற்பதுக்கு மேல் முதியோர் வகுப்பில் படித்தவன், மெதுவாகத்தான் வரும். பொன்னம்மை. பதினாலாம் கட்டில்.

"இது யாரு மக்களே?"

"நெசமான ஆளு இல்ல அண்ணாச்சி," என்றாள் பாறசாலைக்காரி ஜினி. "நாங்க படிச்சுப் பழகதுக்கு உள்ள நோயாளி. தப்பா ஊசி போட்டாலும் சாவ மாட்டாவ. சாயங்காலம் காய்ச்சலக் குறைச்சிட்டுப் போனா, காலையில பழையபடி நூத்திமூணு. ஒரு வருசமா எங்களுக்கு இதே பாடுதான்." சிரித்தாள்.

"வேற என்ன எழுதியிருக்கு?"

"ராத்திரி நர்ஸோட குறிப்பு. புருஷனக் கேக்காவளாம். வாசலையே பாத்துட்டுக் கிடக்காவளாம்."

தொண்ணூற்றேழில் அந்த ராத்திரி நான் சாலை பஜாரில் அரிசி லாரி இறக்கிக்கொண்டிருந்தேன், இந்தப் பாக்கிக்காகத்தான். விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

அதன்பின் ஒரு வாரம், ஜினி கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் வாளியோடு பின்னால் நின்றேன். தினமும் 103. தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டு.

சுசீலாபாய் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பழைய கேஸ் ஷீட் ஒன்றை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அவர்தான். பெயரை மாற்ற மறந்திருக்கிறார்.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. இப்பமே பேர மாத்திடுதேன்."

"பேர மாத்தினா காய்ச்சல் போவுமா டீச்சர்? அவள வீட்டுக்கு விடுங்க."

டீச்சர் டிஸ்சார்ஜுக்குத் தட்டினார். பாக்கி இருக்கிறது என்று கம்ப்யூட்டர் விட மறுத்தது.

"தள்ளுபடி போடலாம். காரணம் கேக்குது."

"புருஷன் வந்துட்டான்னு போடுங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியே அடித்தார்.

மறுநாள் காலை ஜினி திறந்தபோது பதினாலாம் கட்டிலில் ஆள் இல்லை. கடைசியாக எடுத்த காய்ச்சல் 98.6. நேரம் அதிகாலை 4.10.

"இத நான் எழுதல்ல," என்றாள் ஜினி. இப்போது அவள் சிரிக்கவில்லை. டீச்சரும் தான் இல்லை என்றார். ராத்திரி முழுக்க அறைச் சாவி என் தலைமாட்டில்தான் கிடந்தது.

கீழே, பாக்கி என்ற இடத்தில் பூஜ்யம்.